மேடில்லாத நாட்டின் நிலக்காட்சி: காவிரி டெல்டாவைப் பருவம்தோறும் படமெடுக்கும் முறை

நிலக்காட்சிப் படம் என்றவுடன் நம்மில் பலருக்கு ஊட்டியும் வால்பாறையும் மூணாறும்தான் நினைவுக்கு வருகின்றன. மலைநாட்டில் கேமராவை எந்தப் பக்கம் திருப்பினாலும் மேடும் பள்ளமும் தாமாகவே ஓர் ஒழுங்கைத் தந்துவிடுகின்றன. காவிரி டெல்டாவில் அந்தச் சலுகை கிடையாது. தஞ்சாவூரிலிருந்து நாகப்பட்டினம் வரையிலான சுமார் 80 கிலோமீட்டரில் நிலம் இறங்குவது ஏறத்தாழ 60 மீட்டர்தான். கண்ணுக்கு அது சரிவாகவே தெரியாது. முதன்முறை கேமராவோடு வயற்காட்டில் இறங்குகிறவர் பச்சையாக ஒரு பட்டை, நீலமாக ஒரு பட்டை, நடுவில் ஒரு மின்கம்பம் என்று நாற்பது படங்களை எடுத்துக்கொண்டு சலிப்போடு வீடு திரும்புகிறார். நானும் அப்படித்தான் தொடங்கினேன்.

இந்த நிலத்துக்கு உருவம் தருவது நிலம் அன்று. அதன் மேல் நிற்கும் நீரும், அதற்கு மேலிருக்கும் வானமும், இரண்டுக்கும் இடையில் வாரத்துக்கு வாரம் மாறும் பயிரும்தான். எனவே இங்கே படமெடுக்கக் கற்றுக்கொள்வது என்பது பாதிக்கு மேல் பாசன நாட்காட்டியையும் காற்றின் திசையையும் கற்றுக்கொள்வதே ஆகும். கேமரா நுட்பம் மீதிப் பாதிக்கும் குறைவு. இந்த வழிகாட்டியும் அந்த வரிசையிலேயே செல்கிறது.

முதற்படி: நீரின் நாட்காட்டியைத் தெரிந்துகொள்ளுதல்

மேட்டூர் அணையை ஜூன் 12 அன்று திறப்பது மரபு. ஆனால் எல்லா ஆண்டும் அப்படி நடப்பதில்லை. 2022இல் மே 24 அன்றே திறந்தார்கள். 2024இல் ஜூலை 28 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. ஆகவே, “சென்ற ஆண்டு இதே தேதியில் இந்த வயலில் தண்ணீர் நின்றது” என்ற நினைவை நம்பிப் புறப்படுவது வீண் அலைச்சலில் முடியும். மேட்டூரில் திறந்த நீர் கல்லணையை எட்ட மூன்று நான்கு நாட்களாகும்; அங்கிருந்து காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய் எனப் பிரிந்து, வாய்க்கால் வாய்க்காலாக இறங்கிக் கடைமடைக்குச் சேர இன்னும் பல நாட்கள் பிடிக்கும். படமெடுப்பவருக்கு இதனால் ஒரு பெரிய வசதி உண்டு. ஒரத்தநாட்டுப் பக்கம் நடவு முடிந்து பச்சை கட்டிவிட்ட பிறகும், திருத்துறைப்பூண்டிப் பக்கம் போனால் உழவும் சேறுமாகவே இருக்கும். தவறவிட்ட காட்சியைக் கிழக்கே சென்று பிடித்துவிடலாம்.

பயிர்க் கணக்கு சுருக்கமாக இதுதான்: குறுவை ஜூனில் தொடங்கிப் புரட்டாசி வாக்கில் அறுவடையாகும், நீண்டகாலப் பயிரான சம்பா ஆகஸ்டில் தொடங்கித் தைக்கு வரும், குறுவை அறுத்த வயலில் நடும் தாளடி மாசி வரை நிற்கும். சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாட்களுக்கு முன்பே, நிற்கும் பயிருக்குள் உளுந்தையும் பயறையும் தூவிவிடுவார்கள். அறுத்த சில வாரங்களில் மஞ்சள் தாள்களுக்கு இடையிலிருந்து கரும்பச்சை எழும்பி வரும். டெல்டாவில் எனக்கு மிகப் பிடித்த நிறச் சேர்க்கை அதுதான். அதைப் படமெடுக்க வருகிறவர்களை நான் அதிகம் பார்த்ததில்லை.

இரண்டாம் படி: ஓர் இடத்தைத் தேர்ந்து அதையே திரும்பத் திரும்பப் பார்த்தல்

பத்து ஊர்களை ஒருமுறை பார்ப்பதைவிட ஓர் ஊரைப் பத்துமுறை பார்ப்பது நல்லது. வீட்டிலிருந்து அரைமணி நேரத்துக்குள் சென்று சேரக்கூடிய இடமாக அது இருக்க வேண்டும். ஏனெனில் நல்ல வானம் முன்கூட்டிச் சொல்லிக்கொண்டு வராது. என்னுடைய இடம் நீடாமங்கலத்துக்கு அருகே வெண்ணாற்றங்கரையில் இருக்கிறது. வெண்ணாற்றிலிருந்து கோரையாறும் பாமணியாறும் பிரியும் மூணாறு தலைப்பு அங்கிருந்து தொலைவில் இல்லை. கரையின் ஒருபுறம் ஆறு, மறுபுறம் வயல், வயலுக்கு நடுவே ஒரு திடல், திடலில் மூன்று பனையும் ஒரு மூங்கில் கொத்தும். பல ஆண்டுகளாக அந்த மூன்று பனைகளையே எடுத்துவருகிறேன்.

இடம் தேரும்போது நான்கு விஷயங்களைப் பாருங்கள். முதலாவது உயரம். ஆற்றங்கரை, மதகின் மேல்தளம், பாலம், சாலையோரத்து மேடு ஆகியவற்றில் ஏறினால் வயலிலிருந்து பத்துப் பன்னிரண்டு அடி உயரம் கிடைத்துவிடும். வரப்புகளின் கட்டம் கண்ணுக்குத் தெரிவதற்கு அதுவே போதும். தரையில் நின்றால் ஐந்து வயல்களும் ஒன்றன்மேல் ஒன்று அமுங்கி ஒரே கோடாகிவிடும். இரண்டாவது, தனித்து நிற்கும் ஒரு பொருள்: பனை, மோட்டார் கொட்டகை, அய்யனார் கோயில் குதிரை, தூரத்துக் கோபுரம் என எதுவும் ஆகலாம். தட்டையான நாட்டில் பார்வை தங்குவதற்கு ஒரு தூண் வேண்டும். மூன்றாவது, மின்கம்பி எந்தப் பக்கம் ஓடுகிறது என்பது. அதைக் கணினியில் அழித்துக்கொள்ளலாம் என்று எண்ணாமல், இருபது அடி நகர்ந்து நின்று தவிர்க்கப் பழகுங்கள். நான்காவது, வண்டியை எங்கே நிறுத்துவது என்பது. அறுவடைக் காலத்தில் வரப்புச் சாலையில் நிறுத்திய உங்கள் கார், நெல் ஏற்றிவரும் டிராக்டரை மறிக்கக் கூடாது.

மூன்றாம் படி: சூரியன் எழும் இடத்தைக் கணக்கிடுதல்

நம் ஊரில் சூரியன் ஆண்டு முழுவதும் நேர்கிழக்கில் உதிப்பதாகவே பேசிவருகிறோம். உண்மையில் ஆனி மாதத்தில் அது கிழக்கிலிருந்து ஏறத்தாழ 24 பாகை வடக்கே தள்ளி எழுகிறது. மார்கழியில் அதே அளவு தெற்கே எழுகிறது. கையை முழுதாக நீட்டி விரல்களை விரித்தால், கட்டைவிரல் நுனிக்கும் சுண்டுவிரல் நுனிக்கும் இடைப்பட்ட சாண் ஏறத்தாழ 20 பாகையை மறைக்கும். ஆக, ஆண்டின் இரு கோடிகளுக்கு இடையே சூரியன் இரண்டு சாணுக்கு மேல் நகர்கிறது. திடலிலுள்ள பனைக்குப் பின்னால் சூரியன் எழ வேண்டுமென்றால், அது ஆண்டில் இரண்டு குறுகிய காலங்களில்தான் நடக்கும். அல்லது நீங்கள் வரப்பில் நடந்து இடம் மாற வேண்டும். செல்பேசியில் சூரியத் திசை காட்டும் செயலிகள் பல இருக்கின்றன. இருந்தாலும் ஒருமுறை சாணால் அளந்து பார்த்தவருக்கு அது மறப்பதில்லை.

நேரமும் இங்கே குறைவு. நாம் நிலநடுக்கோட்டிலிருந்து 11 பாகை தொலைவிலேயே இருப்பதால் சூரியன் ஏறக்குறைய செங்குத்தாக ஏறுகிறது. உதித்த பிறகு பொன்னிற ஒளி நீடிப்பது சுமார் 40 நிமிடங்கள். உதிப்பதற்கு முந்தைய மென்வெளிச்சம் இருபது நிமிடங்களுக்குச் சற்று அதிகம். தஞ்சாவூர் அளவில் ஜூனில் 5.50க்கும், ஜனவரியில் 6.35க்கும் சூரியன் உதிக்கும். அதற்கு முக்கால் மணி நேரத்துக்கு முன்பே கால்முக்காலியை ஊன்றி நின்றிருக்க வேண்டும். சித்திரையின் முதல் வாரத்திலும் ஆவணியின் இரண்டாம் வாரத்திலும் நண்பகல் சூரியன் நம் உச்சந்தலைக்கு நேராக நிற்கும். அந்த நாட்களில் பத்து மணிக்குக் கேமராவை மூடிவிட்டுச் சாப்பிடப் போவதே அறிவு.

நிலவைச் சேர்க்க விரும்புவோர் பௌர்ணமிக்கு முந்தைய நாளைத் தேர்ந்துகொள்ளலாம். பௌர்ணமியன்று நிலவு எழும்போது நிலம் இருண்டுகொண்டிருக்கும். முந்தைய நாளில் அது முக்கால் மணிநேரம் போல முன்னதாகவே எழுந்துவிடுவதால், வயலின் மேல் இன்னும் வெயில் கிடக்கும்போதே நிலவும் தெரியும். இரண்டையும் ஒரே ஷட்டர் வேகத்தில் அடக்கிவிடலாம்.

நான்காம் படி: கருவிகளும் அவற்றைக் காப்பதும்

கையிலிருக்கும் கேமராவே போதும். 24 முதல் 70 மி.மீ. வரையிலான லென்ஸ் ஒன்றும், 70 முதல் 200 வரை நீளும் லென்ஸ் ஒன்றும் இருந்தால் டெல்டாவுக்கு வேறொன்றும் தேவையில்லை. மிக அகன்ற லென்ஸ் இங்கே பெரும்பாலும் ஏமாற்றும். அது தட்டையான நிலத்தை இன்னும் மெலிந்த கோடாக்கிவிடும். வானத்தில் மேகங்கள் திரண்டிருக்கும்போதும், காலடியில் வெடித்த மண்ணோ தேங்கிய நீரோ இருக்கும்போதும் மட்டும் அதை எடுங்கள். மற்ற நேரங்களில் நீண்ட லென்ஸே நல்லது. ஒரு கிலோமீட்டர் இடைவெளியில் நிற்கும் பனை வரிசைகளை அது ஒன்றன்பின் ஒன்றாக நெருக்கி, இல்லாத ஆழத்தைக் காட்டித் தரும்.

அடிப்படை அமைப்பு எளிது: லென்ஸின் துளையளவு எஃப்/8 அல்லது எஃப்/11, ஒளியுணர்வு ஐஎஸ்ஓ 100, கேமரா பதிவுசெய்யும் மூலத் தரவான ரா கோப்பு, கால்முக்காலி. செல்பேசியில் எடுப்பவர்கள் திரையில் வானத்தின் வெளிச்சமான பகுதியை அழுத்திப் பிடித்து ஒளியளவைப் பூட்டிவிட்டு, அதைச் சற்றுக் குறைத்துக்கொண்டால் போதும். மேகம் வெளுத்துப் போகாது.

கால்முக்காலி டெல்டாச் சேற்றில் அரை அடி இறங்கும். நீண்ட நேர எக்ஸ்போஷரின் நடுவில் அது மெல்ல இறங்கிக்கொண்டிருப்பது கண்ணுக்கும் தெரியாது. வீட்டுக்கு வந்து படத்தைப் பெரிதாக்கினால்தான் பனை இரட்டைப் பனையாகியிருப்பது தெரியும். மூன்று கொட்டாங்கச்சிகளைப் பையில் வைத்திருங்கள். ஒவ்வொரு காலுக்கும் அடியில் ஒன்றைக் கவிழ்த்து வைத்தால் இறங்காது. கடையில் விற்கும் அகலத் தட்டுகளும் இதே வேலையைத்தான் செய்கின்றன.

ஈரமே இங்கே கருவிகளின் முதல் எதிரி. ஓர் ஐப்பசியில் எனது நீண்ட லென்ஸைத் தோல் உறைக்குள் போட்டு அலமாரியில் வைத்தேன். தையில் எடுத்தபோது கண்ணாடியின் உட்புறத்தில் சிலந்திவலை போலப் பூஞ்சை படர்ந்திருந்தது. சுத்தம் செய்யக் கொடுத்த கடையில் பூஞ்சையோடு கண்ணாடியின் மேற்பூச்சையும் சேர்த்தே எடுத்துவிட்டார்கள். அன்றிலிருந்து காற்றுப் புகாத பிளாஸ்டிக் டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலங்களோடு வைக்கிறேன். மலிவாகக் கிடைக்கும் சிறிய ஈரப்பத மானி ஒன்றையும் உள்ளே போட்டு, அளவு 40க்கும் 50 விழுக்காட்டுக்கும் இடையே நிற்கிறதா என்று பார்த்துக்கொள்கிறேன். ஏசி அறையிலிருந்து விடியற்காலையில் நேராக வெளியே எடுத்தால் லென்ஸ் முழுதும் வியர்த்துவிடும். பையை மூடியபடியே வெளியே கொண்டுவந்து, அரைமணி நேரம் கழித்துத் திறக்க வேண்டும்.

ஐந்தாம் படி: பருவத்துக்கேற்ற முறைகள்

*சேற்று வயலும் நீர்க்கண்ணாடியும்.* ஆடியிலும், பிறகு புரட்டாசியிலும் சேடை ஓட்டி, அதாவது நீர் கட்டிச் சேறாக உழுது, சமன் செய்த வயல், நடவுக்கு முன்பு ஓரிரு நாட்கள் முழுக் கண்ணாடியாகக் கிடக்கும். நட்ட பிறகும் பயிர் தூர் கட்டி நீரை மறைக்கும்வரை சில வாரங்களுக்குப் பிரதிபலிப்பு கிடைக்கும். இங்கே ஒரு பௌதிக உண்மையைக் கையில் வைத்துக்கொள்ள வேண்டும்: நீரை நேர் மேலிருந்து பார்த்தால் அது நூற்றில் இரண்டு பங்கு ஒளியையே திருப்பி அனுப்புகிறது, படுத்த கோணத்தில் பார்க்கப் பார்க்க அந்தப் பங்கு ஏறிக்கொண்டே போகிறது. நின்றுகொண்டு எடுத்தால் சேறு தெரியும். குந்தி, கேமராவை முழங்காலுக்குக் கீழே இறக்கினால் வானம் தெரியும். நாற்றுகளின் நுனிகள் மட்டும் மேகத்துக்குள் குத்தியிருப்பது போன்ற படம் அந்த உயரத்தில்தான் கிடைக்கும். போலரைசர் வடிகட்டியை அப்போது கழற்றிவிடுங்கள். நீங்கள் தேடி வந்த பிரதிபலிப்பைத்தான் அது முதலில் விழுங்கும்.

நீரில் தெரியும் வானம் உண்மையான வானத்தைவிட ஒரு படியோ இரண்டு படியோ மங்கலாக இருக்கும் (ஒளியளவில் ஒரு படி குறைவது என்றால் ஒளி பாதியாவது). இதனைச் சமன்செய்யப் பாதி கறுத்த வடிகட்டியைப் பயன்படுத்தலாம். டெல்டாவில் தொடுவானம் நேர்கோடாகவே இருப்பதால், மலைநாட்டைவிட இங்கே அது நன்றாகப் பொருந்துகிறது; தட்டைநிலம் நமக்குச் செய்யும் மிகச் சில உதவிகளில் இதுவும் ஒன்று. ஆனால் மேலுள்ள வானத்தை அளவுக்கு மீறிக் கறுப்பாக்கி, அதைவிட நீரில் தெரியும் வானம் வெளிச்சமாக இருக்குமாறு செய்துவிடாதீர்கள். இயற்கையில் அப்படி நடப்பதில்லை. பார்ப்பவருக்குக் காரணம் தெரியாவிட்டாலும் உறுத்தும்.

இந்தப் பருவத்தில் மேற்கிலிருந்து வரும் மேல்காற்று பகலெல்லாம் வீசும். நீர் அமைதியாக இருப்பது விடிவதற்கு முன்பும் விடிந்து சற்று நேரம் வரையும்தான். ஏழரை மணிக்கு மேல் சிற்றலை எழுந்துவிட்டால் கண்ணாடியை மறந்துவிட்டு, காற்றையே படமாக்குங்கள். முழங்கால் உயரப் பயிரின் மேல் காற்று ஓடும் அலையை அரை விநாடி ஷட்டரில் எடுத்தால், பயிர் பட்டுத்துணி போல மடியும்; பனை மட்டும் அசையாமல் நிற்கும். பயிரும் கூர்மையாகத் தெரிய வேண்டுமானால் 1/250 விநாடியோ அதற்கும் குறைவான நேரமோ தேவை. அதற்காக ஐஎஸ்ஓவை 400க்கு ஏற்றத் தயங்க வேண்டாம்.

*மாலை இடிமழை.* ஆவணி, புரட்டாசியில் பகலெல்லாம் புழுங்கி, நான்கு மணிக்கு மேல் மேற்கே கருமேகம் எழும்பும். தொடுவானத்தை மறைக்க மலையில்லாத நாடு என்பதால், மேகத்தின் அடிப்பகுதியிலிருந்து மேல் குடை வரை முழுவதையும் ஒரே சட்டகத்தில் காணும் வாய்ப்பு இங்கேதான் உண்டு. படத்தில் நான்கில் மூன்று பங்கை வானத்துக்குக் கொடுங்கள். நிலம் ஒரு கரை போலக் கீழே இருந்தால் போதும். குறுவைக் கதிர் பொன்னிறமாக நிற்க, பின்னால் வானம் கருநீலமாக, இடையில் மேகத்தின் இடுக்கிலிருந்து ஒரு கீற்று வெயில் விழுமானால், அது இரண்டு நிமிடங்கள்கூட நிலைக்காது. கதிருக்கு ஒளியளவு வைத்து எடுங்கள். வானம் தானே கறுத்துக்கொள்ளும். கொள்ளிடப் படுகையில் நாணல் வெள்ளை வெளேரெனப் பூத்திருப்பதும் இதே காலத்தையொட்டித்தான். சூரியனுக்கு எதிராக நின்று எடுத்தால் ஒவ்வொரு பூங்கொத்தும் விளக்குப் போல எரியும்.

மின்னலைப் பற்றி விளையாட்டாகப் பேச முடியாது. வெட்டவெளியில் உலோகக் கால்முக்காலியோடு நிற்கும் மனிதர்தான் அங்கே மிக உயரமான பொருள். மின்னலுக்கும் இடிக்கும் இடையே எண்ணுங்கள். மூன்று விநாடிக்கு ஒரு கிலோமீட்டர். முப்பது எண்ணுவதற்குள் இடி கேட்டால் அது பத்துக் கிலோமீட்டருக்குள் வந்துவிட்டது. உடனே கட்டடத்துக்குள்ளோ காருக்குள்ளோ போய்விட வேண்டும். பனையடியிலும் மோட்டார் கொட்டகையின் தாழ்வாரத்திலும் ஒதுங்குவது ஒதுங்காமல் இருப்பதைவிட மேலானதன்று.

*வடகிழக்குப் பருவமழை.* ஐப்பசி, கார்த்திகையில் காற்று கடலிலிருந்து வரும்; வானம் பல நாட்கள் ஒரே சாம்பல் போர்வையாகக் கிடக்கும். பலர் கேமராவை உள்ளே வைத்துவிடும் காலம் இது. எனக்கோ இதுதான் உழைக்கும் காலம். நிழலில்லாத அந்த ஒளியில் பச்சையின் எத்தனை வகைகள் இருக்கின்றன என்பது அப்போதுதான் தெரிகிறது: நாற்றின் இளமஞ்சட்பச்சை, சம்பாவின் நடுப்பச்சை, கரையோரத்துக் கோரையின் அழுத்தமான பச்சை, வாழையின் எண்ணெய்ப் பச்சை. இங்கே போலரைசரைத் தாராளமாகப் போடுங்கள். நனைந்த இலை மேலுள்ள வெண்பளபளப்பை அது எடுத்துவிட, நிறம் உள்ளிருந்து எழும். வெறும் வெள்ளை வானத்தைச் சட்டகத்தில் குறைத்து, தொடுவானத்தை மேலே ஏற்றிவிடுங்கள்.

மழை விழுவதே தெரிய வேண்டுமானால் பின்னால் கருமையான பொருள் வேண்டும். வெள்ளை வானத்தின் முன் எவ்வளவு பெருமழையும் தெரியாது. மூங்கில் கொத்தின் முன் தூறல்கூடத் தெரியும். 1/60 விநாடியில் துளிகள் கோடுகளாகும். 1/500இல் மணிகளாக நிற்கும். கேமராவுக்கு ஒரு பிளாஸ்டிக் பையை லென்ஸ் அளவுக்குக் கிழித்து மாட்டி ரப்பர் பேண்டால் கட்டுங்கள். லென்ஸ் ஹூட் அவசியம். துடைக்க நான்கைந்து பருத்தித் துணிகள் தேவை. முதல் துணி பத்து நிமிடங்களில் நனைந்துவிடும்.

மழையின் இடைவெளியைப் பிடிக்கக் காரைக்காலிலுள்ள வானிலை ரேடாரின் படத்தை இந்திய வானிலை ஆய்வுத் துறையின் தளத்தில் பார்க்கலாம். கடலிலிருந்து வரும் மழைத்திட்டுகளுக்கு நடுவே எத்தனை நேரம் வெறும் இடம் இருக்கிறது என்பதை அதிலிருந்து ஓரளவு கணிக்கலாம். பிற்பகல் 3 மணிக்குப் பிறகு மேற்கே வானம் திறந்து கிழக்கே மழை நின்றால், முதுகைச் சூரியனுக்குக் காட்டி நில்லுங்கள். வானவில் வருமானால் அங்கேதான் வரும். சூரியன் 42 பாகைக்குக் கீழே இருக்கும்போது மட்டுமே அது தரைக்கு மேல் தெரியும். போலரைசரைச் சுழற்றினால் வில் ஒரு நிலையில் கூடுதலாக ஒளிரும். இன்னொரு நிலையில் காணாமலே போய்விடும். பார்த்துத் திருப்புங்கள்.

புயல் எச்சரிக்கை வந்த நாளில் படமெடுக்கப் போகக் கூடாது. 2018 நவம்பர் 16 அதிகாலையில் கஜா புயல் வேதாரண்யத்தையொட்டிக் கரையைக் கடந்தபோது விழுந்த தென்னைகளைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. புயலுக்குப் பிந்தைய நாட்களில் போனால் முதலில் கேமராவைப் பையில் வைத்துக்கொண்டே பேசுங்கள்.

*மார்கழிப் பனி.* டெல்டாவின் பெரிய பருவம் இதுதான். மழை நின்று வானம் வெளுத்த பிறகு, நனைந்த மண் இரவெல்லாம் வெப்பத்தை வெளியே விட்டுக் குளிர்கிறது; அதையொட்டி நிற்கும் ஈரக்காற்று மூடுபனியாகத் திரள்கிறது. மேகம் இருந்தால் வெப்பம் தப்பாது. காற்று வீசினால் பனி கலைந்துவிடும். ஆகவே தெளிந்த வானம், அசையாத காற்று, ஈர நிலம் ஆகிய மூன்றும் ஒருங்கே சேர வேண்டும். நான் செய்யும் சோதனை மிக எளியது: இரவு பத்து மணிக்கு வாசலில் நிறுத்தியிருக்கும் வண்டியின் சீட்டைக் கையால் தடவிப் பார்ப்பேன். உள்ளங்கை நனைந்தால் நான்கரை மணிக்கு அலாரம் வைப்பேன். உலர்ந்திருந்தால் போர்த்திக்கொண்டு தூங்குவேன். பத்தில் ஏழு முறை சரியாக வந்திருக்கிறது.

பனியில் கேமராவின் மீட்டர் ஏமாறும். வெண்மையைச் சாம்பலாக்க முயன்று படத்தை இருட்டாக்கும். எனவே ஒளியளவை முக்கால் படி முதல் ஒரு படி வரை கூட்டுங்கள். படத்தின் ஒளிப்பரவலைக் காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடம் வலப்பக்கம் சாய்ந்திருக்கட்டும். வலது ஓரச் சுவரில் முட்டாமல் இருந்தால் சரி. தானியங்கிக் குவியம் எதையும் பிடிக்க முடியாமல் முன்னும் பின்னும் அலையும். அருகிலுள்ள பனையின் விளிம்பில் கையால் குவித்துக்கொள்ளுங்கள். லென்ஸின் முன்கண்ணாடியை ஐந்து நிமிடங்களுக்கு ஒருமுறை பார்த்துத் துடைக்க வேண்டும்; பனியின் மென்மை என்று நான் மகிழ்ந்த ஒரு காலைப்பொழுதின் படங்கள் முழுவதும் வெறும் லென்ஸ் ஈரம்தான்.

பனியின் நன்மை அது மறைப்பதில் இருக்கிறது. செல்பேசிக் கோபுரம், மின்கம்பி, விளம்பரப் பலகை அனைத்தும் போய்விடும். முன்னால் ஒரு பனை கறுப்பாக, அதற்குப் பின்னால் ஒன்று சாம்பலாக, மூன்றாவது இருக்கிறதா இல்லையா என்ற அளவில் தெரியும். மற்ற நாட்களில் டெல்டாவில் கிடைக்காத ஆழம் இதுதான். சூரியன் எழுந்ததும் போய்விடாதீர்கள். ஏழு மணிக்கு மேல், வெயில் பனியைத் துளைக்கும் இருபது நிமிடங்களில் கதிர்நுனியிலுள்ள ஒவ்வொரு துளியும் ஒளிரும். எட்டு, எட்டரைக்குள் எல்லாம் கலைந்துவிடும்.

*அறுவடையும் கோடையும்.* தையில் சம்பா அறுவடை முடிந்த வயலில் வைக்கோல் சுருள்கள் நீண்ட நிழலோடு கிடக்கும். மாலை ஐந்து மணிப் பக்கவாட்டு ஒளி அதற்குப் போதும். சித்திரை, வைகாசியில் வானம் புழுதியால் வெளுத்திருக்கும். அப்போது வானத்தை விட்டுவிட்டுத் தரையைப் பாருங்கள். களிமண் வெடித்து, வெடிப்புக்குள் கை நுழையும் அளவுக்குப் பிளந்திருக்கும். சூரியன் எழுந்த முதல் கால்மணி நேரத்தில் ஒவ்வொரு வெடிப்பும் நிழலால் நிரம்பும்; எட்டு மணிக்கு அதே தரை வெறும் ஓடு போலத் தட்டையாகிவிடும். வயலுக்கு எருவாகக் கிடைபோட வரும் ஆட்டு மந்தைகள் மாலையில் எழுப்பும் புழுதியையும், வெயிலுக்கு எதிரே நின்று எடுத்தால், பனிக்கு இணையாகப் பயன்படுத்தலாம்.

*கடலோரம்.* பயிர் முடியும் இடத்தில் வேறொரு வெட்டவெளி தொடங்குகிறது. வேதாரண்யம் உப்பளங்களில் மழைக்காலம் முடிந்து உற்பத்தி நடக்கும்போது, கட்டம் கட்டமாகப் பிரித்த பாத்திகள் மாலை வானத்தை அப்படியே ஏந்தும். 1930இல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பெடுத்த மண் இதுதான். உப்புக் குவியலுக்கும் பனிக்குச் சொன்னது போலவே ஒளியளவைக் கூட்ட வேண்டும். கோடியக்கரையில் கடற்கரை கிட்டத்தட்டச் செங்கோணமாகத் திரும்புவதால், ஒரே ஊரில் தங்கி உதயத்தையும் அத்தமனத்தையும் நீருக்கு மேல் எடுக்க முடியும். 2002 முதல் ராம்சர் பட்டியலிலுள்ள அந்தச் சதுப்பு நிலத்தில் குளிர்காலத்தில் பூநாரைகள் நிற்கும். கூட்டம் தலை தூக்கிப் பார்க்கத் தொடங்கினால் நீங்கள் அளவுக்கு மீறி நெருங்கிவிட்டீர்கள் என்று பொருள். பறக்கவிட்டுப் படமெடுப்பது அவற்றின் மேய்ச்சலைக் கெடுக்கும். சரணாலயத்துக்குள்ளும், முத்துப்பேட்டை அலையாத்திக் காட்டுக்குப் படகில் செல்லவும் வனத்துறையின் அனுமதி தேவை. கடற்காற்றின் உப்பு கேமராவில் படிந்துவிடும். வீடு திரும்பியதும் ஈரத்துணியால் துடைத்து, கால்முக்காலியை நல்ல தண்ணீரில் கழுவிவிடுங்கள்.

ட்ரோன் வைத்திருப்போர் பறக்கவிடும் முன், எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைப் பார்த்தாக வேண்டும். தஞ்சாவூரில் விமானப்படைத் தளம் இருக்கிறது என்பதை மறக்கக் கூடாது.

ஆறாம் படி: வரப்பில் நடக்கும் முறை

வயல் ஒருவருடைய உழைப்பு. ஒருமுறை ஒளி போய்விடுமே என்ற அவசரத்தில் புதிதாகச் சேறு பூசி அண்டை போட்ட வரப்பில் காலை வைத்தேன். விளிம்பு சரிந்து, கட்டி வைத்திருந்த நீர் அடுத்த வயலுக்குள் ஓடத் தொடங்கியது. மண்வெட்டியோடு வந்த பெரியவர் திட்டவில்லை. “தம்பி, அண்டையில கால வைக்காதீங்க, நேத்துதான் போட்டது. அந்தாண்ட பெரிய வரப்பு இருக்கு பாருங்க, அதுல வாங்க” என்று சொல்லிவிட்டு மண்ணை வெட்டிப் போட்டு அடைத்தார். ஈரம் மின்னும் வரப்பு புதியது. புல் முளைத்தது பழையது. புல் இருக்கும் வரப்பிலேயே நடங்கள். அதில் எலி வளை இருக்கும், எலியைத் தேடிப் பாம்பும் வரும் என்பதால் விடியற்காலையில் டார்ச் விளக்கும் ஒரு கோலும் கையில் இருக்கட்டும்.

நடவு நடும் பெண்களைப் படமெடுக்கும் முன் கேட்க வேண்டும். தூரத்திலிருந்து நீண்ட லென்ஸால் குனிந்த முதுகுகளை எடுத்துக்கொண்டு போவது எனக்கு உடன்பாடில்லாத பழக்கம். அருகே போய்க் கேட்டபோது ஒருமுறை வந்த பதில்: “எங்களத்தான் எடுக்குறியா, சேத்த எடுக்குறியா தம்பி?” இரண்டையும்தான் என்றேன். “அப்ப வெரசா எடு, வெயில் ஏறுது” என்றார்கள். அடுத்த வாரம் அச்சிட்ட படங்களைக் கொண்டுபோய்க் கொடுத்தேன். அதன்பிறகு அந்த ஊரில் யாரிடமும் நான் என்னை அறிமுகப்படுத்திக்கொள்ள வேண்டியிருக்கவில்லை.

ஏழாம் படி: வீட்டுக்கு வந்த பிறகு

கணினியில் செய்யும் வேலையைக் குறைவாகவே வைத்துக்கொள்ளுங்கள். இளநாற்றின் நிறம் மஞ்சள் கலந்த பச்சை. பச்சையைக் கூட்டும் பொத்தானை இழுத்தால் அது பிளாஸ்டிக் புல்லாகிவிடும். பனிப் படத்தில் மங்கலை நீக்கும் வசதியைத் தொடவே தொடாதீர்கள். நீங்கள் நான்கரை மணிக்கு எழுந்து போனது அந்த மங்கலுக்காகத்தான். தொடுவானத்தை மட்டும் அளந்து நேராக்குங்கள். மலைப் படத்தில் அரைப் பாகைச் சாய்வு தெரியாது. டெல்டாவில் வயல் நீர் முழுவதும் ஒரு பக்கமாக ஒழுகுவது போலத் தோன்றும்.

ஒவ்வொரு கோப்போடும் தேதி, தமிழ் மாதம், நின்ற இடம், பயிரின் பருவம், வாய்க்காலில் நீர் இருந்ததா இல்லையா, காற்று எந்தப் பக்கமிருந்து வந்தது என்ற ஐந்தாறு சொற்களை எழுதி வையுங்கள். என் மூன்று பனைகளின் கோப்பில் இப்போது சில நூறு குறிப்புகள் இருக்கின்றன. அவற்றைப் புரட்டிப் பார்த்தபோதுதான், நல்ல பனி பெரும்பாலும் மழை விட்ட இரண்டாவது மூன்றாவது நாளில் விழுகிறது என்பதும், கிழக்கிலிருந்து வரும் கொண்டல் காற்று இரவிலும் ஓயாத நாட்களில் ஒருமுறைகூட விழவில்லை என்பதும் எனக்குத் தெரிந்தன. இந்தக் கார்த்திகையின் முடிவில் மழை விட்டதும் எந்தெந்த நாட்களுக்கு அலாரம் வைப்பது என்பதை அந்தக் குறிப்புகளைப் பார்த்துத்தான் முடிவு செய்யப்போகிறேன்.